மௌனம் சாதிக்கும் முகவரிகள்

இணையத்தில் ஒரு தகவல் எந்த வழியாகப் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க எளிய கருவி ஒன்று இருக்கிறது. ஆனால் அது கேட்கும் கேள்விக்கு எல்லாக் கம்ப்யூட்டர்களும் பதில் சொல்வதில்லை. மௌனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பழி சம்பந்தமில்லாதவர் தலையில் விழுகிறது.

புனே நகரின் ராஸ்தா பேட்டை, தென்னிந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வசித்துவரும் பகுதி. ஜூலை மாத மழை ஓய்ந்திருந்த ஓர் இரவில், டில்லியிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பு ஒன்றை அனுப்ப முயன்றுகொண்டிருந்தேன். கெடு பத்து மணி. மணி ஒன்பதைத் தாண்டியும் அந்த அலுவலகத்தின் தளம் திறக்கவில்லை. மற்ற தளங்களில் சில திறந்தன, சில மறுத்தன. டில்லிக்குப் போன் செய்தேன். “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் லைனைப் பாருங்கள்” என்றார்கள். லைன் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டால், “எங்கள் லைன் சரியாக இருக்கிறது, அவர்கள் சர்வரைப் பார்க்கச் சொல்லுங்கள்” என்று பதில் வந்தது. இருவருக்கும் நடுவே நான்.

கடைசியில் போனில் பேசிய இளைஞர் ஒரு யோசனை சொன்னார். கறுப்புத் திரையைத் திறந்து ‘டிரேஸர்ட்’ என்று அடித்து, பக்கத்தில் அந்தத் தளத்தின் பெயரையும் போடச் சொன்னார். திரையில் வரிசையாக எண்கள் இறங்கின. முதல் வரி என் வீட்டிலிருந்த ரூட்டர். இரண்டும் மூன்றும் லைன் நிறுவனத்தின் இயந்திரங்கள். நான்காவது வரியில் எண்களுக்குப் பதிலாக மூன்று நட்சத்திரக் குறிகள். ஐந்திலிருந்து எட்டு வரை மீண்டும் எண்கள். ஒன்பதாவது வரியிலிருந்து முப்பதாவது வரி வரை வெறும் நட்சத்திரங்கள். அவை இறங்கி முடிய நான்கு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்கள் நான்காவது மெஷின் செத்துப்போயிருக்கிறது, திரையில் தெரிகிறது பாருங்கள்” என்று போனில் சத்தம் போட்டேன். அந்த இளைஞரிடம் மறுமொழி இல்லை. புகார் பதிவு செய்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான். ஹிஞ்சவாடியில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன், ஊர் திருநெல்வேலிப் பக்கம். திரையைப் பார்த்தவன் சிரித்துவிட்டான். “நாலாவது செத்துப்போச்சுன்னா அஞ்சாவது எப்படி சார் பதில் சொல்லுது?”

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவன் கேட்டதில் இந்தக் கருவியின் இலக்கணமே அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

ஸ்டேஷனுக்கு ஒரு கார்டு

இணையத்தில் தகவல் முழுசாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புகிறவர் முகவரி, பெறுகிறவர் முகவரி, கூடவே ‘ஆயுள்’ என்று ஓர் எண். வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் அந்த எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டு அடுத்த ரூட்டருக்குத் தள்ளிவிடும். எண் பூஜ்யமானால் பொட்டலத்தை அங்கேயே எறிந்துவிட்டு, ‘உன் பொட்டலம் என்னிடம் வந்து ஆயுள் முடிந்தது’ என்று அனுப்பியவருக்குச் சேதி விடும். முகவரி குழம்பிய பொட்டலங்கள் சாகாவரம் பெற்று வலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. பழைய, இன்றும் பரவலாகப் புழங்கும் முறையில் இந்த ஆயுள் 255க்கு மேல் போகாது.

இந்த ஏற்பாட்டை வழி காட்டும் கருவியாக மாற்றியதில்தான் சாமர்த்தியம். புனேயிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் என்னென்ன ஸ்டேஷன்கள் என்று நமக்குத் தெரியாது, வரைபடமும் கிடையாது. ஒரு பையனிடம் ஒரே ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் காசு கொடுத்து அனுப்புகிறோம். சிவாஜி நகரில் இறக்கிவிடுகிறார்கள். ‘உங்கள் ஆளை இங்கே இறக்கிவிட்டோம்’ என்று அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு கார்டு போடுகிறார். அடுத்த பையனுக்கு இரண்டு ஸ்டேஷன் காசு, அடுத்தவனுக்கு மூன்று. இப்படியே அனுப்பினால் லோனாவாலா, கர்ஜத், கல்யாண், தாதர் என்று கார்டுகள் வந்து சேரும். அவற்றை வரிசையாக அடுக்கினால் அதுவே வரைபடம்.

டிரேஸ்ரூட் செய்வதும் இதுதான். ஆயுள் ஒன்று என்று குறித்து மூன்று பொட்டலங்கள், பிறகு இரண்டு என்று மூன்று, இப்படி வழக்கமாக முப்பது கட்டம் வரை. திரும்பி வரும் ஒவ்வொரு சேதியிலும் அனுப்பிய ரூட்டரின் முகவரி இருக்கும். போய்வர எத்தனை மில்லி செகண்டு ஆயிற்று என்பதையும் கருவி கணக்கிடும். குறித்த நேரத்துக்குள் சேதி வராவிட்டால் ஒரு நட்சத்திரக் குறி. மூன்று பொட்டலத்துக்கும் வராவிட்டால் மூன்று நட்சத்திரம்.

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். கர்ஜத் ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து கார்டு வரவில்லை, கல்யாணிலிருந்து வந்துவிட்டது. கர்ஜத்தில் தண்டவாளம் உடைந்திருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கார்டு போட நேரமில்லை, அல்லது போடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அவ்வளவுதான். ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நானூறு கஜ தூரம்

கருவிக்குத் தேவை வந்த கதை சுவையானது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், வலைக்கோளாறு ஒன்றைத் துப்பறிய ‘பிங்’ என்ற சிறு புரோகிராமை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பதைப் போல, ஒரு கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பி எதிரொலி வருகிறதா என்று பார்க்கும் புரோகிராம். உயிரோடு இருக்கிறாயா என்ற கேள்விக்கு அது விடை சொன்னது. எந்த வழியாக வந்தாய் என்ற கேள்விக்குச் சொல்லவில்லை.

1986 அக்டோபரில் இணையம் முதல் முறையாகப் பெரிய நெரிசலில் சிக்கித் திணறியது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுமார் நானூறு கஜ தூரம். அந்த இணைப்பில் வினாடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வான் ஜேக்கப்சன் காரணத்தைத் தேடிப் போய், இன்றும் இணையத்தைத் தாங்கி நிற்கும் நெரிசல் கட்டுப்பாட்டு முறையை வகுத்தார். அதே காலகட்டத்தில் ஸ்டீவ் டீரிங் சொன்ன யோசனையை வைத்து அவர் எழுதியதுதான் டிரேஸ்ரூட். 1988இல் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. டீரிங் பின்னாளில் இணைய முகவரிகளின் ஆறாவது பதிப்பை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். அந்தப் பதிப்பில் ‘ஆயுள்’ என்ற பெயர் போய், எத்தனை கட்டம் தாண்டலாம் என்ற பொருளில் வேறு பெயர் வந்துவிட்டது.

அன்றைய இணையம் ஒருவரையொருவர் நம்பிய சின்ன ஊர். எதிரொலி கேட்டால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பதில் தந்தாக வேண்டும் என்று 1989இல் விதியே எழுதி வைத்தார்கள். பதில் சொல்லாதவன் ஊரில் இல்லை என்று பொருள்.

வாயை மூடிய காரணம்

அந்த நம்பிக்கை பத்தாண்டு தாங்கவில்லை. 1996 வாக்கில், அளவுக்கு மீறிய பெரிய பிங் பொட்டலத்தை அனுப்பிக் கம்ப்யூட்டரைக் கவிழ்க்கும் வித்தை பரவியது. அதையடுத்து, பிறர் முகவரியில் பிங் கேட்டு, பதில்களையெல்லாம் வெள்ளமாக அந்த அப்பாவியின் மேல் திருப்பிவிடும் தாக்குதல் வந்தது. 2003 ஆகஸ்டில் வெல்ச்சியா என்ற புழு, இரை தேடி உலகம் முழுவதும் பிங் பொட்டலங்களை இறைத்து வலைகளைத் திணறடித்தது. எதிரொலியை அடைத்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று நிர்வாகிகள் பலர் முடிவு கட்டினார்கள். வங்கி, அரசு அலுவலகம், பெரிய கம்பெனி எதுவானாலும் வாசலில் இருக்கும் ஃபயர்வால், தெரியாத சேதியைப் பெற்றுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் குப்பையில் போட்டுவிடுகிறது. ‘வராதே’ என்று சொன்னால்கூட உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும் அல்லவா?

நடுவழி ரூட்டர்கள் மௌனமாக இருக்கக் காரணம் வேறு. அவற்றின் வேலை பொட்டலங்களை அனுப்பிவைப்பது. அதற்கென்று தனி வன்பொருள் இருக்கிறது. ஆயுள் முடிந்த சேதி எழுதுவது மட்டும் ரூட்டரின் பொது மூளைக்குப் போகும் வேலை. எனவே வினாடிக்கு இத்தனை சேதிக்கு மேல் எழுதாதே என்று கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு வரி மட்டும் 200 மில்லி செகண்டு காட்டி, அடுத்த வரி மறுபடி 20 காட்டினால், பாதை மெதுவாகிவிட்டது என்று பொருளல்ல. அந்த ரூட்டர் பதில் எழுதச் சோம்பல்பட்டது என்றே பொருள். தாமதம் அந்த வரியில் தொடங்கிக் கடைசி வரை நீடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் உள்பாதையை முழுசாக மறைத்தும் வைக்கின்றன. பொட்டலத்துக்குத் தனி முத்திரை குத்தி, ஆயுள் எண்ணைத் தொடாமலே உள்ளுக்குள் கடத்திவிடுகிறார்கள். கண்டாலா மலைச்சரிவில் ரயில் குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவருவது போல. பத்து ரூட்டர்களைத் தாண்டியிருந்தாலும் திரையில் ஒரே கட்டம்தான் தெரியும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. போன வழியிலேயே பதில் திரும்பி வர வேண்டும் என்று கட்டாயமில்லை. திரையில் தெரியும் பாதை போகும் பாதை, நேரமோ போகவரச் சேர்த்து. திரும்பும் பாதையில் அடைப்பு இருந்தாலும் நட்சத்திரம்தான் விழும்.

வேறு கதவு

அப்படியானால் பதில் சொல்லாத கம்ப்யூட்டருக்குப் பாதை கண்டுபிடிப்பது எப்படி? எதிர்வீட்டுப் பையன் தன் மடிக்கணினியை எடுத்துவந்து என் வீட்டு ரூட்டரில் இணைத்தான். அதில் லினக்ஸ். டிரேஸ்ரூட்டையே போட்டான், ஆனால் வேறு விதமாக.

கருவி அனுப்பும் பொட்டலம் மூன்று வகையாக இருக்கலாம். ஜேக்கப்சன் எழுதிய கருவி, யாரும் பயன்படுத்தாத 33434ஆம் எண் வாசலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தட்டும். கடைசிக் கம்ப்யூட்டர் ‘இங்கே அப்படியொரு வாசலே இல்லை’ என்று சொன்னால் ஊர் வந்து சேர்ந்ததாக அர்த்தம். விண்டோஸின் டிரேஸர்ட் பிங்கைப் போல எதிரொலி கேட்கிறது. இரண்டையும் ஃபயர்வால்கள் எளிதில் அடைத்துவிடும். ஆனால் இணையதளம் நடத்துகிறவர் அடைக்க முடியாத வாசல் ஒன்று உண்டு. தளத்துக்கு வருகிறவர்கள் நுழையும் வாசல். அதன் எண் 80, பாதுகாக்கப்பட்ட தளமென்றால் 443. அதையும் மூடினால் கடையையே மூட வேண்டியதுதான்.

எனவே தளத்தைப் பார்க்க வரும் வாடிக்கையாளர் போலவே 443ஆம் வாசலைத் தட்டும் பொட்டலத்தை, ஆயுளை ஒவ்வொன்றாகக் கூட்டி அனுப்புவது. 2001இல் மைக்கேல் டோரன் இதற்கென்றே தனிக் கருவி எழுதினார். இப்போது லினக்ஸின் டிரேஸ்ரூட்டிலேயே இந்த வசதி இருக்கிறது. கடைசிக் கம்ப்யூட்டர் ‘வா’ என்றாலும் சரி, ‘வாசல் மூடியிருக்கிறது’ என்றாலும் சரி, உயிரோடு இருப்பது உறுதி. ‘வா’ என்று பதில் வந்ததும் கருவி பேச்சைத் தொடராமல் முறித்துக்கொண்டுவிடும்.

பையன் திரையில் ஒன்பதும் பத்தும் நட்சத்திரங்கள். பதினொன்றாவது வரியில் டில்லி சர்வர் பதில் சொன்னது. 34 மில்லி செகண்டு. லைன் சரி, பாதை சரி, சர்வரும் சரி.

புனே வழியாக, அமெரிக்கா வழியாக

ஒரு தனிமனிதரின் கெடு தவறுவது சின்ன விஷயம். இதே கருவி இந்திய இணையத்தின் பெரிய விநோதம் ஒன்றையும் கண்ணுக்குக் காட்டியது.

நாட்டின் வெளியுலகத் தொடர்பில் புனே மாவட்டத்துக்குப் பழைய பங்கு உண்டு. நாராயண்காவ் அருகே ஆர்வி கிராமத்தில் 1971இல் செயற்கைக்கோள் தரைநிலையம் இயங்கத் தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15இல் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்துவிட்டது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. நிறுவனங்கள் பெருகின. ஆனால் அவை தங்களுக்குள் பொட்டலங்களைக் கைமாற்றிக்கொள்ள நாட்டுக்குள் பொது இடம் இல்லை. ஒவ்வொன்றும் வெளிநாட்டு இணைப்பை மட்டும் விலைக்கு வாங்கி வைத்திருந்தது. இதன் விளைவாக, ஒரே ஊரில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதம் அமெரிக்காவையோ சிங்கப்பூரையோ சுற்றிக்கொண்டு வந்தது.

இதைக் கண்டுபிடிக்க டிரேஸ்ரூட்டின் நேரக் கணக்கே போதும். கண்ணாடியிழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். புனேயிலிருந்து மும்பைக்கு ரயில் பாதை 192 கிலோமீட்டர். அதே தூரம் இழை போட்டிருந்தால் போய்வர இரண்டு மில்லி செகண்டு. புனேக்கும் நியூயார்க்குக்கும் சுமார் 12,500 கிலோமீட்டர். பக்கத்துத் தெருவுக்குப் போகும் பொட்டலமும் அதன் பதிலும் அங்கே போய்த் திரும்பினால் 250 மில்லி செகண்டுக்குக் குறையாது. செயற்கைக்கோள் வழியென்றால் ஒரு முறை போய்வரவே கிட்டத்தட்ட அரை வினாடி. வழியிலுள்ள ரூட்டர்கள் வாயைத் திறக்காவிட்டாலும் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வீண் அலைச்சலையும் அதற்கான அன்னியச் செலாவணிச் செலவையும் தவிர்க்கத்தான் 2003இல் நிக்ஸி எனப்படும் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு உருவாயிற்று. உள்நாட்டுப் பொட்டலம் உள்நாட்டிலேயே கைமாறுவது அதன் நோக்கம்.

2008 ஜனவரி 30இல் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கேபிள்கள் இரண்டு அறுந்தபோது இந்தியாவின் மேற்கத்தியத் தொடர்பில் பெரும் பங்கு ஒரே நாளில் பறிபோனது. ஐரோப்பாவை நோக்கி மேற்கே போக வேண்டிய பொட்டலங்களைக் கிழக்கே திருப்பி, பசிபிக் கடலைச் சுற்றி அனுப்ப வேண்டியிருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நம்பியிருக்கும் புனே, பெங்களூர், சென்னை போன்ற நகரங்களுக்கு இத்தகைய நேரங்களில் எங்கே அறுந்தது, எந்த வழி மிச்சமிருக்கிறது என்று தெரிவது அத்தியாவசியம். நட்சத்திரங்களை உடைப்பு என்று எண்ணி நல்ல வழியைக் கைவிட்டால் நஷ்டம் இரட்டிப்பு.

திரையை நம்புவதற்கும் எல்லை உண்டு. நெரிசலைக் குறைக்க ரூட்டர்கள் பொட்டலங்களைப் பல பாதைகளில் பிரித்து அனுப்புகின்றன. பழைய கருவியின் அடுத்தடுத்த பொட்டலங்கள் வெவ்வேறு வழியில் போய், இல்லாத பாதையொன்றை இருப்பதாகக் காட்டிவிடும். பாரிஸ் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ‘பாரிஸ் டிரேஸ்ரூட்’, எல்லாப் பொட்டலங்களும் ஒரே வழியில் போகும்படி செய்து இந்தக் குறையைப் பெருமளவு போக்கியது. இன்னொரு எச்சரிக்கை: உங்களுக்கு வேலையிருக்கும் முகவரியின் வழியைப் பார்ப்பதில் தவறில்லை. முன்பின் தெரியாத ஆயிரம் முகவரிகளின் கதவைத் தட்டிக்கொண்டே போனால், திருட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு வரி ஆங்கிலம்

அன்றிரவுக் கதை பாக்கியிருக்கிறது. எல்லாம் சரியென்றால் தளம் ஏன் திறக்கவில்லை? பையன் என் பழைய கம்ப்யூட்டரின் திரை மூலையைக் காட்டினான். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோய், தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. பாதுகாக்கப்பட்ட தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு. இன்னும் பிறக்காத சான்றிதழ் என்று எண்ணி என் கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு முறையும் பேச்சை முறித்துக்கொண்டிருந்தது. அதைத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரியாகச் சொல்லிக்கொண்டும் இருந்தது. ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் பிழைக்கிறவன், இணைப்பு இல்லை என்று வழக்கமாக வரும் வரிதானே என்று அதைப் படிக்காமலே மூடியிருக்கிறேன்.

தேதியைத் திருத்தியதும் தளம் திறந்தது. மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால். டில்லிக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை லைன் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். புகாரை ரத்து செய்யச் சொன்னேன். முந்தின இரவு பேசிய இளைஞர் பணியில் இல்லை. நான்காவது மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார்.